பத்தடி ஓடிய கார்

கொட்டுகிற மழைச் சத்தத்தையும் மீறிக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மெத்தை வீடு என்று ஊர் சொல்லும் மாடி வீட்டின் இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் நனைந்த புடவையோடு நின்றிருந்த நான், அப்பாடா, இவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து அறையில் செண்பகம் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் கடைசி மருமகள். பெண் குழந்தை பெற்று ஏழு நாள் ஆகியிருந்தது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அடிவயிற்றில் கை வைத்தால் துடித்தாள். அறைக்குள் நுழைந்ததுமே வந்த வாடையில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது.

நான் அந்த ஊருக்குக் கிராம நர்ஸாக வந்து இரண்டு மாதம்தான். வயது இருபத்துமூன்று. "இன்னைக்கே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும், ஊசி மருந்து போட்டாப் பொழச்சிக்குவாங்க" என்று சொல்லி ஒரு மணி நேரம் ஓடியிருந்தது.

"கட்டிலோட தூக்குங்க" என்று முற்றத்திலிருந்து பெரியவரின் குரல் வந்தது. பெரியவர் என்றால் செண்பகத்தின் மாமனார், ஊர் மிராசு. வீட்டு வேலை செய்யும் மூன்று பெண்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். தலைமாட்டில் ஒரு காலை நான் பிடித்தேன். யாரும் என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பேய் விற்கிறவர்கள்

நாற்பது வருஷத்தை எட்டப்போகிற இந்தக் காட்சியை இந்த வாரம் எழுத வைத்தது ஒரு வீடியோ. பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டினாள். எங்கள் ஊர் மெத்தை வீடு இப்போது 'திகில் மாளிகை' ஆகிவிட்டது.

தாடி வைத்த ஓர் ஆள், பட்டப்பகலில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு ரகசியக் குரலில் பேசுகிறார். உள்ளே போகவில்லை. பூட்டிய வீட்டின் ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டிப் படம் எடுக்கிறார். நகைக்கு ஆசைப்பட்ட மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் வைத்தாளாம். அமாவாசை தவறாமல் கொலுசுச் சத்தம் கேட்கிறதாம். அப்போது உள்ளேயிருந்து ஒரு வௌவால் பறக்கிறது. அவர் போட்ட கூச்சலில், ஆவி ஏதாவது இருந்திருந்தால் அதுதான் ஊரைவிட்டு ஓடியிருக்கும்.

செண்பகம் கொலுசு போட்டு நான் பார்த்ததில்லை. விஷம் வைத்ததாகச் சொல்லப்படும் மாமியார், செண்பகம் அந்த வீட்டில் காலடி வைப்பதற்கு மூன்று வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். விசாரிக்க டீக்கடையில் ஒரு டீ போதும். அதற்குக்கூட இவர்களுக்குச் சோம்பல்.

வில்லியாக ஒரு மாமியாரைக் காட்டுவது சுலபம். நடந்ததைச் சொன்னால் வில்லத்தனமாகவே இருக்காது, வெறும் மடத்தனமாக இருக்கும். மடத்தனத்தை யார் பார்ப்பார்கள்?

பர்மாத் தேக்குப் புராணம்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டி ஆற்றின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். தஞ்சாவூருக்குப் போவதென்றால் பாலம் ஏறி ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கட்டியவர் பெரியவரின் அப்பா. எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டாலும் பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்றுதான் ஆரம்பிப்பார்கள். இத்தனை வீட்டுக்கும் முட்டை போட்டுக்கொடுத்த கோழிகளுக்கு யாராவது ஒரு சிலை வைக்கலாம். மெத்தை வீட்டுத் தேக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மாடியும் முற்றமும் நெல் கொட்டும் அறைகளுமாக வீடு பெரிது. மனிதர்கள் அந்த அளவுக்கு இல்லை.

பெரியவர் காலத்தில் கார் வந்தது. வெள்ளை அம்பாசிடர். அதற்குக் கொட்டகை வேண்டுமே. மூன்று பக்கம் சுவர் எழுப்புவதற்குப் பதில், வீட்டின் கிழக்குச் சுவரையே ஒரு பக்கமாக வைத்து, இரண்டு சுவரோடு முடித்துக்கொண்டார். முன்பக்கம் திறப்பு. ஒரு சுவர் மிச்சம். அந்தச் சாமர்த்தியத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார். எனக்கும் காட்டினார்.

அந்தக் கார் கோயிலுக்குப் போகும், சினிமாவுக்குப் போகும். காப்பிப்பொடி தீர்ந்துவிட்டால் அதற்காகவும் தஞ்சாவூர் போகும்.

தாம்பூலத் தட்டோடு வந்தவள்

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், நாற்பதை நெருங்கும் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். புதுப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டு.

"நான் கோமதிங்க. குத்தாலத்துலேருந்து வர்றேன். மெத்தை வீட்டுச் செண்பகத்தோட பொண்ணு."

பச்சைக் குழந்தையாகப் பார்த்தது. நான் கூப்பிடுவதற்குள் அவளே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாவுக்கு நீங்கதான் வைத்தியம் பாத்தீங்களாம். நாளைக்குக் காலையில வீடு தெறக்கறோம், நீங்க அவசியம் வரணும். யாரோ மெட்ராஸ்காரங்க ஓட்டலாக்கப் போறாங்களாம். அவங்க உள்ள பாக்கணுமாம். ரெண்டு பெரியப்பாவும் வர்றாங்க. ஆனா நாந்தான் தெறக்கணுமாம்."

"நீயா?"

"ஆமாங்க. 'இந்த வீட்டுப் பொண்ணு நீதாம்மா, உங்கையால தெறந்தாத்தான் முறை'ன்னு பெரியப்பா போன் பண்ணாரு. அவர் எங்கிட்டப் பேசறதே இதான் மொதத் தடவ." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

செண்பகம் இறந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது அவளுடைய அண்ணன். அப்பாக்காரர் ஒரு வருஷத்துக்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறகு ஒருநாள் அவரும் இறந்துபோனார். கோமதி குத்தாலத்தில் மாமா வீட்டிலேயே வளர்ந்து, தையல் கடை வைத்திருக்கிறாள். வந்த வரன்கள் எல்லாம் தாயைப் பற்றிக் கேட்டதோடு நின்றுபோயின.

"மாமா வீட்டுல யாருக்குக் கல்யாணம்னாலும் பொண்ணுக்கு ரவிக்கை நாந்தாங்க தைப்பேன். தாலி கட்ற நேரத்துக்கு மட்டும் எனக்கு அடுப்படியில வேல வந்துடும்" என்று சிரித்தாள். "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அம்மாவ முழுங்கிட்டுப் பொறந்தவதானே நான்."

இதை அவள் தன் ஊரையும் பேரையும் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருநாளாவது அந்த வீட்டுப் பெண்ணாக நின்றுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். சந்தனம் குங்குமம் பூசி வெட்டக் கூட்டிப்போகிற ஆட்டுக்குத்தான் அது தெரியாது.

"தட்ட அப்பறம் வாங்கிக்கறேன், கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

உள்ளேயும் கூடாது, அக்கரையும் கூடாது

கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். கார் கொட்டகையைவிட்டு வெளியே வந்து மழையில் நின்றது. ஓட்டியது செண்பகத்தின் புருஷன். கார் வந்த தூரம் பத்தடி இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். இரண்டு ஆட்கள் ஓடிவந்து, நனையாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். காருக்கு.

கட்டிலைக் காலியான கொட்டகையில் வைக்கச் சொன்னார்கள். முன்பக்கத் திறப்பில் இரண்டு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தரையில் பெட்ரோல் வாடை. சாரல் கட்டில் வரைக்கும் அடித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவரிடம் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மடித்து வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"இன்னும் ஒரு நாழியில அவிட்டம் பொறக்குது நர்ஸம்மா. அதுலேருந்து அஞ்சு நட்சத்திரமும் அடைப்பு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஆறு மாசம் வீட்டப் பூட்டிட்டு வெளியில போவணும். அதான் இங்க கொண்டாந்தோம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிடலாமேய்யா. காருதான் வெளியில நிக்குதே."

"பச்ச ஒடம்புக்காரி பதினாறு நாள் ஆறு தாண்டக் கூடாது. தெரியாதா ஒங்களுக்கு? நட்சத்திரம் மாறட்டும், பதினாறு கழியட்டும், கொண்டுபோவலாம்."

அடைப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவிட்டம் முதலான ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இன்னும் சாவு விழும் என்று பயம். அந்த வீட்டை ஆறு மாதம் அடைத்து வைப்பார்கள். பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள், சுவரை இடித்து ஓட்டை போட்டு அதன் வழியாக எடுப்பார்கள். ஆறு தாண்டக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. இரண்டும் தனித்தனியே பல வீடுகளில் இருந்தவைதான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பெண்ணின் மேல் போட்டு, நடுவில் ஒரு கார் கொட்டகையைக் கண்டுபிடித்த அறிவு மெத்தை வீட்டுக்கு மட்டுமே சொந்தம்.

நான் பிறந்தது வேதாரண்யத்தில். புயல் கிளம்பினால் பிள்ளைத்தாய்ச்சி, நோயாளி, கிழடு என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடுவோம். எந்த நட்சத்திரம் என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அதைப் பெரியவரிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

"மாத்திரையக் குடுத்துட்டு நீங்க கெளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர்.

மாத்திரையைக் கொடுத்தேன், கிளம்பினேன். என் பதிவேட்டில் 'மேல்சிகிச்சைக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினேன். மறுநாள் டாக்டரிடம் சொல்லப் போனேன், அவர் லீவில் இருந்தார். சொல்லப் போனேன் அல்லவா என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இல்லாத வாசலுக்கு இடித்த சுவர்

மூன்றாம் நாள் காலையில் செண்பகம் இறந்துபோனாள். இறந்தது கொட்டகையில்தானே, வீடு தப்பித்தது என்று பெரியவர் நினைத்தார். ஜோசியர் வந்தார், கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். வீட்டுச் சுவரும் கொட்டகைச் சுவரும் ஒன்று, ஆகவே அடைப்பு வீட்டுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டார். ஒரு சுவரை மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த பரிசு இது.

அதோடு முடியவில்லை. பிணத்தைச் சுவரை இடித்து எடுக்க வேண்டும். கொட்டகைக்கு முன்பக்கம் முழுக்கத் திறப்பு, இடிப்பதற்கு அவசியமே இல்லை. ஆனாலும் முறை முறைதான் என்றார்கள். ஆள் வைத்துப் பக்கச் சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாகச் செண்பகத்தை மழைக்குள் எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை துக்கத்திலும் எனக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது.

குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனது. ஆறு மாதம் கழிந்தது. அடைப்பு முடிந்த வீட்டை முதலில் திறந்து உள்ளே போகிறவருக்கு மிச்சமிருக்கிற தோஷம் ஒட்டும் என்று இன்னொரு ஜோசியர் கிளப்பிவிட்டார். செத்தது உன் பெண்டாட்டி, நீ திற என்றார்கள் அண்ணன்மார். புது மாப்பிள்ளை நான், எப்படித் திறப்பேன் என்றார் தம்பி. நடு அண்ணனின் மனைவி மாசமாக இருந்தாள். பெரியவரும் திறக்கவில்லை, வாடகை வீட்டில் இருந்தே கண்ணை மூடினார்.

ஒரு சாவிக்குப் பயந்து மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு மாளிகையை வௌவாலுக்குக் கொடுத்தார்கள். மெத்தை வீட்டின் வரலாறு இவ்வளவுதான்.

இப்போது வாங்க ஆள் வந்துவிட்டார், திறந்தாக வேண்டும். யோசித்திருக்கிறார்கள். ஏற்கெனவே தோஷக்காரி என்று பேரெடுத்த ஒருத்தி குத்தாலத்தில் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

கோமதி இதையெல்லாம் அசையாமல் கேட்டாள். பிறகு, "அப்ப எங்க அம்மா என்னால சாவலியா?" என்றாள்.

"இல்லம்மா. மருத்துவச்சி அழுக்குக் கையால பிரசவம் பாத்ததுல சீழ் வச்சது. காலத்துல கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பாங்க. உம்மேல ஒரு குத்தமும் இல்ல."

"ஆனா எங்க மாமா அப்படிச் சொல்ல மாட்டாரே. அம்மா பிரசவத்துலயே போயிட்டான்னு ஆஸ்பத்திரி நர்ஸே சொன்னாங்கன்னுதான் சொல்லுவாரு."

மறைத்துவிடலாம் என்று நினைத்த இடத்துக்கே வந்துவிட்டாள்.

சாவுக்கு வந்த அவள் மாமா என்னைத் தனியாகத்தான் கேட்டார். தங்கச்சியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று. நான் பதில் சொல்வதற்குள் பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். நான் குடியிருந்த வீடு அவருடையது. "எங்க கொண்டுபோயிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாங்க, பிரசவத்துலயே ஒடம்பு போயிடுச்சு" என்று சொன்னேன். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு, குழந்தையைப் போய்ப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

இத்தனை நேரம் மெத்தை வீட்டுக்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர்களாவது எதையோ நம்பிச் செய்தார்கள். நான் எதையும் நம்பாதவள். படித்தவள், தெரிந்தவள். பொய் என்று தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்லி, பச்சைக் குழந்தையின் தலையில் கட்டியவள் நான்தான். இதையும் கோமதியிடம் சொன்னேன்.

அவள் அன்று என் வீட்டில்தான் படுத்தாள். விளக்கை அணைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திறப்பு

காலையில் மெத்தை வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இரண்டு கார்கள் நின்றன. வாங்க வந்தவர்கள் வெளியே நின்று வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாக்கள் இருவரும் ஏ.சி. போட்டு, கண்ணாடி ஏற்றி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மூத்தவர் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினார்.

"வாம்மாடி. ஒம்போது வரைக்கும்தான் நல்ல நேரம். தெறந்து உள்ள போயி, ஒரு வெளக்க ஏத்தி வச்சிட்டு, வீடு முழுக்க ஒரு நட நடந்துட்டு வந்துடு. நாங்க பின்னாலயே வர்றோம்."

டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய சாவியைக் கோமதி வாங்கிக்கொண்டாள்.

"பெரியப்பா, கொஞ்சம் கீழ எறங்குங்க. நர்ஸம்மா ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க மாமாகிட்ட அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அத இவங்க முன்னாடி சரியாச் சொல்லுங்க."

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சொன்னேன். பிழைக்க வேண்டிய நோய், வாசலில் கார், கொட்டகையில் மூன்று நாள், நான் சொன்ன பொய், இந்தப் பெண் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது. எல்லாவற்றையும் தெருவுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்.

மூத்தவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் அப்படித்தாம்மா" என்றார்.

"இந்தக் காலத்துலயும் அப்படித்தான் பெரியப்பா. இல்லேன்னா நீங்களே தெறந்திருப்பீங்க."

சாவியை அவருடைய காரின் மேல் வைத்துவிட்டு அவள் நடந்தாள். அவர் அதைத் தொடவில்லை, டிரைவரைப் பார்த்தார். டிரைவர் உள்ளூர்க்காரர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் கோமதியோடு போனேன். வெயில் ஏறியிருந்தது. எனக்கு மனசு லேசாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நர்ஸம்மா, நீங்க அங்க பேசினது எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்மா."

"அன்னைக்கும் அவ்வளவுதானே ஆயிருக்கும்."

கோபமாகக் கேட்கவில்லை. ரவிக்கைக்கு அளவு கேட்பது போலத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். தஞ்சாவூர் பேருந்து வந்தது. ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.